காட்சிச்சாலையும் நம் குழந்தைகளும்

வெளி மாநிலத்தில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம் ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை ஒரு கேள்வி எழுவதுண்டு. ஊரிலிருந்து பெற்றோரோ, மாமனார் மாமியாரோ வந்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வரும். "இவர்களை எங்கே அழைத்துச் செல்லலாம்?" என்று வீட்டில் ஆலோசனை நடக்கும். பெங்களூரில் வாழும் எங்களைப் போன்றவர்களுக்கு விடை ஆயத்தமாகவே இருக்கிறது. காலையில் அல்சூர் சோமேசுவரர் கோயில். பிறகு லால்பாக் தோட்டம். மாலையில் விதான சௌதாவைச் சாலையில் நின்றபடியே பார்த்தல். திரும்பும் வழியில் ஓர் ஓட்டலில் மசால் தோசை. இவற்றுக்கிடையே கப்பன் பூங்காவின் ஓரமாகக் கஸ்தூர்பா சாலையில் பலமுறை போய்வருகிறோம். அங்கே செந்நிறம் பூசி, உயர்ந்த தூண்களுடன் நிற்கும் பழைய கட்டடம் ஒன்று நம் கண்ணில் படுகிறது. "அது என்ன?" என்று பாட்டி கேட்டால், "அதுதான் மியூசியம்" என்று கூறிவிட்டு மேலே நடக்கிறோம்.

அவ்வாறு மேலே நடந்துவிடாமல் சற்று உள்ளே நுழைந்து பார்த்தால் நமக்கும் நம் குழந்தைகளுக்கும் என்ன கிடைக்கும் என்பதையே இன்று உங்களுடன் எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

மக்கள் ஓர் இடத்துக்குத் தாமாக இடும் பெயரைக் கொண்டு, அந்த இடத்தைப் பற்றி அவர்கள் கருதுவது என்ன என்பதை அறியலாம். சென்னையில் 1851-ஆம் ஆண்டில் அரசினர் காட்சிச்சாலை தொடங்கியது. அதன் முதற் பொறுப்பாளர் எட்வர்டு பால்ஃபர் என்னும் மருத்துவர். தொடக்கத்தில் அது கல்லூரி வளாகம் ஒன்றில் இருந்தது. அங்கே பாடம் செய்த விலங்குகளோடு, உயிருள்ள விலங்குகளையும் பால்ஃபர் வைத்திருந்தார். அவற்றைக் காண மக்கள் திரண்டனர். பின்னர் உயிருள்ளவை மக்கள் பூங்காவுக்குச் சென்றன. சென்னை வாசிகள் தயக்கமின்றி ஒன்றை 'உயிர் காலேஜ்' என்றும், மற்றொன்றைச் 'செத்த காலேஜ்' என்றும் வழங்கினார்கள். கல்கத்தாவில் 1814-ஆம் ஆண்டில் தோன்றிய இந்தியக் காட்சிச்சாலை 'ஜாதுகர்', அதாவது மாய வீடு, ஆயிற்று. பெங்களூரிலும் அதே பால்ஃபரின் யோசனையின்படி, மைசூர்த் தலைமை ஆணையர் பௌரிங்கின் ஆதரவில், 1865-ஆம் ஆண்டில் ஒரு காட்சிச்சாலை நிறுவப்பட்டது. இந்த ஊர் மக்கள் அதற்கு இட்ட பெயர் 'தமாஷா பங்களா'.

செத்த காலேஜ், மாய வீடு, தமாஷா பங்களா. மூன்றிலும் வேடிக்கை இருக்கிறது, வியப்பு இருக்கிறது. ஆனால் 'நம்முடையது' என்னும் உரிமை ஒன்றிலேனும் ஒலிக்கிறதா? வேறு யாரோ கட்டிய மாளிகையில், வேறு யாரோ அடுக்கி வைத்த பொருள்களை, விடுமுறை நாளில் போய் வாய்பிளந்து பார்த்து வருகிறோம் என்ற எண்ணமே அப்பெயர்களில் தங்கியிருக்கிறது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எமக்கு இவ்விடத்தில் சொற்களைப் பற்றிச் சிறிது பேசாமல் இருக்க இயலவில்லை. 'மியூசியம்' என்ற சொல்லைத் தமிழாக்க வந்தவர்கள் முதலில் 'நூதனசாலை' என்றார்கள். உள்ளே இருப்பவை பெரும்பாலும் பழம்பொருள்கள். வாயிலிலோ புதுமை என்னும் பெயர்! பிறகு 'பொருட்காட்சிச்சாலை' வந்தது. இன்று 'அருங்காட்சியகம்' நிலைத்துவிட்டது. கன்னடத்தில் 'வஸ்து சங்கிரஹாலயம்' என்பர்; இந்தியிலும் 'சங்கிரஹாலயம்' என்றே வழங்குகிறது. சங்கிரகம் என்றால் திரட்டிச் சேர்த்தல். தமிழோ சேர்த்தலை விட்டுக் காட்சியைப் பற்றிக்கொண்டது. நம் தருக்க நூலார் அறிவுக்கு வாயில்களை எண்ணும்போது காட்சியையே முதலில் வைத்தனர். கண்முன் கண்டு தெளிவதே காட்சி. இரு சொற்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். காட்சிச்சாலைக்குக் கடமை இரண்டு. சேர்த்துக் காப்பது ஒன்று; கண்டு தெளியச் செய்வது மற்றொன்று. முதற் கடமையை வல்லுநர்கள் பூட்டிய அறையில் செய்யலாம். இரண்டாவதைச் செய்யப் பார்ப்பவர் வேண்டும்.

பார்ப்பவரைத் தேடிச் செல்லும் முயற்சி முற்றிலும் புதியதன்று. சென்னைக் காட்சிச்சாலையில் எட்கர் தர்ஸ்டன் தலைவராக இருந்த காலத்தில், அந்தப்புரத்தை விட்டு வெளிவராத பெண்டிர் வந்து காண்பதற்கென்றே மாதத்தில் ஒரு நாள் ஒதுக்கப்பட்டிருந்தது. காணும் பொங்கலன்று அங்கே கூடும் கூட்டமோ உலகறிந்தது. தில்லியில் தேசியக் காட்சிச்சாலையின் முதல் இயக்குநராக 1960-ஆம் ஆண்டில் பொறுப்பேற்ற கிரேஸ் மார்லி அம்மையார், கல்விப் பணியைக் காட்சிச்சாலையின் நடுப்பணியாகக் கருதியவர். பின்னர் அதே நிறுவனத்தின் தலைமையை வகித்த சி. சிவராமமூர்த்தி, சென்னையில் அமராவதிச் சிற்பங்களை ஆராய்ந்து உலகுக்கு விளக்கிய தமிழர்.

ஆயினும் நம்மில் பலருடைய இளமை அனுபவம் வேறாகவே இருந்தது. எம் பள்ளிப் பருவத்தில் ஒருமுறை ஒரு காட்சிச்சாலைக்கு எங்களை அழைத்துச் சென்றார்கள். எந்த ஊர் என்பது இங்கே வேண்டாம். இருவர் இருவராகக் கைகோத்து நின்றோம். 'தொடாதே, பேசாதே, நிற்காதே' என்னும் மூன்று கட்டளைகள் பிறந்தன. முன்னே ஆசிரியர் விரைந்து நடந்தார். பின்னே காவலர் கோலுடன் வந்தார். அரை மணி நேரத்தில் மூவாயிரம் ஆண்டுகளைக் கடந்து வெளியே வந்துவிட்டோம். பார்த்தவற்றுள் எமக்கு நினைவிருப்பது வாயிற்புறத்தில் வாங்கிய குச்சி ஐஸ் ஒன்றே. குற்றம் ஆசிரியருடையது என்றோ, காவலருடையது என்றோ கூற மாட்டோம். நூறு குழந்தைகளைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுசேர்க்க வேண்டுமே என்ற கவலை அவர்களுக்கு. ஆனால் கண் இருந்தும் காட்சி நிகழவில்லை.

இக்குறையை நீக்குவதற்காகவே இன்று காட்சிச்சாலைகள் பலவும் பள்ளிகளுக்கென்று தனி ஏற்பாடுகளைச் செய்கின்றன. சிறு குழுக்களாகப் பிரித்து அழைத்துச் செல்வது. நூறு பொருள்களைக் காட்டாமல் நாலைந்தின் முன் உட்கார வைப்பது. தாளும் பென்சிலும் கொடுத்து வரையச் சொல்வது. வருவதற்கு முன்பே ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவது. வர இயலாதவர்களிடம் பொருள்களின் படிவங்களையும் படங்களையும் எடுத்துச் செல்வது ஆகியவை அவற்றுள் சில. கஸ்தூர்பா சாலையிலேயே அடுத்தாற்போல் உள்ள விசுவேசுவரய்யா தொழில்நுட்பக் காட்சிச்சாலை, அறிவியற் பொருள்களைப் பேருந்தில் ஏற்றிக் கிராமப் பள்ளிகளுக்கே கொண்டுசென்று காட்டுகிறது. அறிவியலுக்கு வண்டி ஓடும்போது கலைக்கு மட்டும் ஏன் ஓடக் கூடாது?

காண்பிக்கும் முறையிலும் மாறுதல் வந்துள்ளது. அமெரிக்காவில் அபிகெயில் ஹௌசன், ஃபிலிப் யெனவைன் என்னும் இருவர் சேர்ந்து வகுத்த முறை ஒன்று பல நாடுகளில் பரவியிருக்கிறது. அதன்படி ஆசிரியர் எதையும் முதலில் சொல்லித் தருவதில்லை. இங்கே என்ன நடக்கிறது, எதைக் கண்டு அவ்வாறு கூறுகிறாய், இன்னும் என்னென்ன தெரிகிறது என்ற பொருள்பட மூன்று வினாக்களையே மாறி மாறிக் கேட்கிறார். குழந்தைகள் பார்க்கிறார்கள், சொல்கிறார்கள், ஒருவர் சொன்னதை மற்றவர் மறுக்கிறார், மறுபடியும் பார்க்கிறார்கள். ஆண்டும் அரசர் பெயரும் பிறகு வருகின்றன. வரும்போது, தேடியதற்கு விடையாக வருவதனால் மனத்தில் தங்குகின்றன.

இம்முறையை அறிந்தோ அறியாமலோ எங்கள் வீட்டிலேயே ஒருநாள் கையாண்டோம். சில ஆண்டுகளுக்கு முன் எம் அன்னையார் ஊரிலிருந்து வந்திருந்தார். அவருக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். எங்கள் மகள் அப்போது ஏழாம் வகுப்பு மாணவி. பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவள். கன்னடமும் ஆங்கிலமும் தடையின்றிப் படிப்பாள். தமிழ் பேசுவாளேயன்றி எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். மூவரும் அந்தச் செந்நிறக் கட்டடத்துக்குள் சென்றோம். 1877-ஆம் ஆண்டில் எழுந்த கட்டடம் அது. அதற்கு முன் காட்சிச்சாலை பாளையப் பகுதியில் இருந்த சாலையை இன்றும் மியூசியம் சாலை என்றே வழங்குகிறோம்.

அங்கே ஒரு கல்லின் முன் எம் அன்னையார் நின்றுவிட்டார். அக்கல்லில் ஒரு நாயும் ஒரு காட்டுப் பன்றியும் சண்டையிடுகின்றன. சுற்றிலும் எழுத்துகள். "இந்த நாய் எதற்காகப் பன்றியோடு மல்லுக்கு நிற்கிறது?" என்று பேத்தியைக் கேட்டார். அவள் கல்லையே உற்றுப் பார்த்தாள். நாய் பின்வாங்கவில்லை என்றாள். பன்றி அதைவிடப் பெரியது என்றாள். நாய்க்கு எதற்கு இவ்வளவு பெரிய கல் என்று தானே ஒரு கேள்வியையும் போட்டாள். அதன் பின்னரே குறிப்பைப் படிக்கப் போனாள். அவள் கன்னடத்தில் படித்ததைத் தன் தமிழில் பாட்டிக்குச் சொல்ல, விடுபட்டதை யாம் நிரப்பினோம்.

அது ஆதகூர்க் கல்வெட்டு. இன்றைய மாண்டியா மாவட்டத்தில் மத்தூர் வட்டத்தைச் சேர்ந்த ஆதகூரிலிருந்து வந்தது; பொது ஆண்டு 949-50-ஐச் சேர்ந்தது. கங்க மன்னன் இரண்டாம் பூதுகனிடம் மணலேரன் என்னும் வீரன் பணிபுரிந்தான். போரில் அவன் காட்டிய வீரத்தை மெச்சிய மன்னன், வேண்டியதைக் கேள் என்றான். மணலேரன் பொன்னையும் ஊரையும் கேட்கவில்லை. காளி என்னும் வேட்டை நாயைக் கேட்டுப் பெற்றான். ஒருநாள் அந்த நாய் பெரும் பன்றி ஒன்றின்மேல் பாய்ந்தது. இரண்டும் ஒன்றையொன்று கொன்று மாய்ந்தன. நாயின் நினைவாகக் கல் நட்டு, அதன் வழிபாட்டுக்கு நிலமும் விட்டார்கள்.

"எந்தப் போரில் அவன் வீரம் காட்டினான்?" என்றார் அன்னையார். தக்கோலப் போர் என்று மகள் சொன்னாள்.

"தக்கோலமா? நம் தக்கோலமா?"

எம் அன்னையார் பிறந்த ஊர் அரக்கோணத்துக்கு அருகில் உள்ளது. திருவூறல் எனப் பாடல் பெற்ற தக்கோலத்துச் சலநாதேசுவரர் கோயிலுக்குச் சிறு வயதில் நடந்தே போனவர் அவர். அந்தத் தக்கோலத்தில்தான் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனும் அவனுக்குத் துணை நின்ற பூதுகனும் ஒருபுறமாக, சோழன் முதலாம் பராந்தகனின் மைந்தன் இராசாதித்தன் மறுபுறமாகப் பெரும்போர் நடந்தது. இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே உயிர் துறந்தான். 'யானைமேல் துஞ்சிய தேவர்' என்று தமிழ்நாடு அவனை நினைவு கூர்ந்தது. யானையின் அம்பாரியையே போர்க்களமாக்கி அவனைப் பூதுகன் வீழ்த்தினான் என்பது ஆதகூர்க் கல் கூறும் செய்தி. சோழருடைய ஆனைமங்கலச் செப்பேடுகளோ கிருஷ்ணனின் அம்பு மார்பில் பாய்ந்து இறந்தான் என்கின்றன. வென்றவர் கல்லில் ஒரு விதமாகவும், இழந்தவர் செம்பில் வேறு விதமாகவும் எழுதி வைத்தார்கள். வரலாற்றைப் படிப்பவர் இரண்டையும் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

அப்போது எங்கள் மகள் ஒரு கேள்வி கேட்டாள். "நாம் எந்தப் பக்கம்?" அலுவலகத்தில் எத்தனையோ கடினமான கோப்புகளை மொழிபெயர்த்திருக்கிறோம், அந்த மூன்று சொற்களுக்கு உடனே விடை கூற எமக்கு நா எழவில்லை. தமிழ்ப் பெற்றோருக்குக் கன்னட நாட்டில் பிறந்த குழந்தை அவள். பள்ளியில் கங்கர் அவளுடைய பாடம். வீட்டில் சோழர் அவளுடைய கதை. ஒன்றைச் சொன்னால் மற்றொன்றை இழப்பாளோ என்று தயங்கினோம். தாய்மொழி நிலத்தை விட்டு வாழும் பெற்றோர் யாவரும் ஏதேனும் ஒருநாள் இக்கேள்வியை எதிர்கொண்டே தீர வேண்டும்.

விடை கூறியவர் எம் அன்னையார். "கல் நட்டது ராஜாவுக்கு இல்லையே, அம்மா. நாய்க்குத்தானே? நாம் நாயின் பக்கம்" என்றார்.

நாங்கள் சிரித்தோம். பிறகு எண்ணிப் பார்க்கையில் அவர் கூறியது ஆராய்ச்சிக்கும் பொருந்துவதாகவே பட்டது. அந்தக் கல்லின் தலைவன் பூதுகனும் அல்லன், கிருஷ்ணனும் அல்லன். தலைமை காளிக்கே. அரசர்களின் போர் அதன் கதைக்கு முன்னுரையாக வந்து நிற்கிறது. நாய்க்குக் கல் எடுக்கும் உள்ளமோ எல்லை பாராமல் இரு நாட்டிலும் இருந்திருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் காத்து மடிந்த வீரனோடு, கள்வரைக் கடித்து நின்று காவல் புரிந்த கோவிவன் என்னும் நாயும் அதில் இடம்பெற்றிருக்கிறது. விழுப்புரம் பக்கத்து அரசலாபுரத்தில் சண்டைச் சேவலுக்கே கல் நட்டிருக்கிறார்கள். தமிழில் நடுகல், கன்னடத்தில் வீரகல். பெயர்தான் இரண்டு.

காட்சிச்சாலையின் பிற பகுதிகளிலும் இத்தகைய உறவுகள் மறைந்து கிடக்கின்றன. தஞ்சாவூர் ஓவியத்தையும் மைசூர் ஓவியத்தையும் அருகருகே வைத்துக் காண்பித்தால் குழந்தைகள் தாமே வேற்றுமையைக் கண்டுபிடித்துவிடுவார்கள். தஞ்சை ஓவியத்தில் பொன் தகடு புடைத்து நிற்கும், கற்கள் மின்னும். மைசூர் ஓவியத்தில் பொன் வேலை மெல்லியதாக அடங்கியிருக்கும்; கோடு நுட்பமாக ஓடும். வேற்றுமையைக் கண்ட பிறகு, இரண்டும் விசயநகரத்து ஓவிய மரபிலிருந்து பிரிந்த கிளைகள் என்பதையும், 1565-ஆம் ஆண்டுத் தலைக்கோட்டைப் போருக்குப் பின் கலைஞர்கள் தெற்கே சிதறிச் சென்றதையும் சொல்லலாம்.

அடுத்த கட்டடம் வெங்கடப்பா கலைக்கூடம். கே. வெங்கடப்பா 1886-இல் பிறந்து 1965-இல் மறைந்தவர். மைசூர் அரண்மனையைச் சார்ந்த ஓவியர் குடும்பத்தில் தோன்றி, கல்கத்தாவில் அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்றவர். ஓவியத்தோடு நில்லாமல் வீணை சேஷண்ணாவிடம் வீணையும் கற்றார். அவருடைய நீர்வண்ணப் படங்களுள் பெயர் பெற்றவை உதகமண்டலத்தின் மலைக்காட்சிகள். நீலகிரியின் மேகத்தையும் வெயிலையும் ஒரு கன்னடக் கலைஞர் பல நாள் காத்திருந்து தீட்டி வைத்திருக்கிறார். இந்தப் பழைய கட்டடங்களில் அவ்வப்போது பழுதுபார்க்கும் வேலை நடப்பதுண்டு. திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு போவது நலம்.

அரண்மனைச் சாலையில் தேசிய நவீனக் கலைக்கூடத்தின் பெங்களூர்க் கிளை இருக்கிறது. 2009-ஆம் ஆண்டு பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அது அமைந்துள்ள பழைய மாளிகையின் பெயர் மாணிக்கவேலு மாளிகை. ஒரு காலத்தில் சுரங்கத் தொழிலில் செல்வம் ஈட்டிய மாணிக்கவேலு முதலியாரின் இல்லமாக இருந்தது. அவர் வாழ்ந்த கூடங்களில் இன்று நாட்டின் ஓவியங்கள் தொங்குகின்றன. பள்ளிப் பிள்ளைகள் தரையில் அமர்ந்து படம் வரைகிறார்கள். குமார கிருபா சாலையில் 1960-இல் நிறுவப்பட்ட கர்நாடகச் சித்திரகலா பரிஷத்தில் தோற்பாவைகளைக் காணலாம். நம் ஊர்த் திருவிழாவில் தோற்பாவைக் கூத்துப் பார்த்தவர்கள் அவற்றின் முன் நின்றால் எளிதில் நகரமாட்டார்கள். ஆண்டுதோறும் சனவரியில் ஒரு ஞாயிறன்று அச்சாலை முழுவதுமே ஓவியச் சந்தையாகிவிடும். கலைக்கூடத்துக்குள் நுழையக் கூசுபவர்களும் சந்தைக்குள் கூச்சமின்றி நுழைகிறார்கள்!

கஸ்தூர்பா சாலைக்கு 2023-ஆம் ஆண்டு பிப்ரவரியில் புதிதாக ஒரு கலைக்கூடமும் வந்து சேர்ந்தது. கலையும் புகைப்படமும் சேர்ந்த அந்தத் தனியார் அருங்காட்சியகத்தின் வெளிச்சுவர், பழைய எஃகுத் தண்ணீர்த் தொட்டியை நினைவூட்டும் தகடுகளால் ஆனது. பழஞ்சிற்பத்தோடும் நவீன ஓவியத்தோடும் துணி வகைகள், திரைப்பட விளம்பரங்கள் போன்ற அன்றாடப் பொருள்களுக்கும் அங்கே இடமுண்டு. பார்வையற்றோர் விரலால் தடவி உணரும்படி சில ஓவியங்களைப் புடைப்பு வடிவில் செய்து வைத்திருக்கிறார்கள் என்பதே எம்மைப் பெரிதும் கவர்ந்தது. 'தொடாதே' என்று வளர்ந்த எமக்கு, 'தொட்டுப் பார்' என்று கூறும் காட்சிச்சாலையைக் கண்டதும், அறுபட்ட ஏதோ ஒன்று மீண்டும் பொருந்தியது போலிருந்தது.

இவ்வளவும் இருந்தும் வராதவர் பலர். காரணங்களை வெளிப்படையாகப் பேச வேண்டும். முதற் காரணம் செலவு. நகரத்தின் ஓரத்திலுள்ள அரசுப் பள்ளிக்கு நுழைவுச் சீட்டைவிடப் பேருந்துக் கட்டணமே பெரும் சுமை. இரண்டாவது அச்சம். பளபளக்கும் தரையையும் வாயிலில் நிற்கும் காவலரையும் கண்டு, நமக்கான இடம் இதுவன்று என்று கட்டட வேலை செய்யும் தாய் தன் குழந்தையைத் திருப்பி அழைத்துச் செல்கிறாள். மூன்றாவது மொழி. குறிப்புப் பலகை எளிய ஆங்கிலத்தில் இருந்தாலும் அவளுக்கு அது மூடிய கதவே.

மொழியைப் பற்றிப் பேசும்போது ஒன்றைத் தெளிவாகக் கூறிவிடுகிறோம். கர்நாடகத்துக் காட்சிச்சாலையில் கன்னடம் முதலிடம் பெறுவதே முறை. அதில் நமக்கு மாற்றுக் கருத்து இருக்கலாகாது. தமிழ்ப் பலகை வேண்டும் என்று நாம் கோரிக்கை எழுப்புவதைவிட, நம்மால் இயன்ற வேறு காரியம் ஒன்று உண்டு. கலைக்கூடங்கள் பலவும் தொண்டர்களை விரும்பி ஏற்கின்றன. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், இல்லத்தரசிகள் நம்மிடையே எத்தனை பேர்! கன்னடமும் தமிழும் அறிந்த ஒருவர் மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து நின்று, அல்சூரிலிருந்தும் ஸ்ரீராமபுரத்திலிருந்தும் வரும் முதியோருக்குத் தமிழில் எடுத்துக் கூறினால் போதும். அவரே பேசும் பலகை ஆகிவிடுவார். எங்கள் மகள் அன்று பாட்டிக்குச் செய்தது அதுதானே?

காட்சிச்சாலையின் சுவருக்கு வெளியேயும் காட்சிச்சாலை பரந்து கிடக்கிறது. டொம்லூர்ச் சொக்கநாத சுவாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. பெங்களூர் மாவட்டத்துச் சாசனங்களை பி. எல். ரைஸ் 1905-ஆம் ஆண்டிலேயே நூலாக வெளியிட்டார். அதைப் புரட்டினால் இந்நிலத்தில் தமிழ் எழுத்து எத்தனை இடங்களில் பதிந்திருக்கிறது என்பதைக் கண்டு வியப்போம். பேகூர்க் கோயிலில் உள்ள, ஏறத்தாழ 890-ஆம் ஆண்டைச் சேர்ந்த வீரகல், பெங்களூரின் பெயரையே தாங்கி நிற்கிறது. ஹெப்பாளத்தில் 2018-ஆம் ஆண்டு மண்ணைத் தோண்டியபோது எட்டாம் நூற்றாண்டு வீரகல் ஒன்று வெளிப்பட்டது. அப்பகுதி மக்களே முன்வந்து அதற்கு மண்டபம் எழுப்பினார்கள். 1909-இல் தோன்றிய மிதிக் சொசைட்டியின் துணையுடன் ஆர்வலர்கள் 2021 முதல் நகரத்துக் கல்வெட்டுகளை முப்பரிமாணப் படிவங்களாகக் கணினியில் பதிந்து வருகிறார்கள். துணி துவைக்கும் கல்லாகவும் சாக்கடை மூடியாகவும் கிடந்தவற்றின் எழுத்தை இன்று பள்ளிப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே பார்க்க முடிகிறது. தெருவிலுள்ள ஒரு கல்லைத் தெருவாசிகள் காக்கத் தொடங்கினால், அன்றே அத்தெரு ஒரு காட்சிச்சாலை ஆகிறது.

ஆகவே, நேயர்களே, எந்த நகரில் வாழ்பவராயினும் அடுத்த ஞாயிறன்று இவ்வாறு செய்து பாருங்கள். உங்கள் ஊர்க் காட்சிச்சாலைக்குக் குழந்தையையும் முதியவர் ஒருவரையும் சேர்த்து அழைத்துச் செல்லுங்கள். எல்லா அறைகளையும் சுற்ற வேண்டாம். மூன்று பொருள்கள் போதும். ஒவ்வொன்றின் முன்னும் கால் மணி நேரம் நில்லுங்கள். முதலில் குழந்தை பேசட்டும். பிறகு முதியவர் பேசட்டும். பலகையைக் கடைசியில் படியுங்கள். ஐதராபாத்தோ, மும்பையோ, தில்லியோ, கல்கத்தாவோ, எந்த ஊர்க் கல்லும் செம்பும் நம்மை முற்றிலும் அயலாராக நடத்துவதில்லை. ஏதேனும் ஓர் எழுத்தில் நம் ஊர்ப் பெயர் ஒளிந்திருக்கும்.

அன்று வீடு திரும்பியதும் எங்கள் மகள் நாயையும் பன்றியையும் தன் நோட்டுப் புத்தகத்தில் வரைந்தாள். கீழே ஆதகூர் என்று கன்னடத்தில் எழுதினாள். பிறகு பாட்டியின் அருகே போய் உட்கார்ந்து, தக்கோலம் என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது என்று கேட்டாள். பாட்டி அவள் விரலைப் பிடித்து எழுதுவித்தார். 'கோ'வில் கொம்பு சற்றுக் கோணலாகவே விழுந்தது. இருப்பினும் எங்கள் மகள் தானாகக் கேட்டு எழுதிய முதல் தமிழ்ச் சொல் அது.